கம்பி வலை முதல் பனையோலைப் பாய் வரை: முயலோடு நான்கு ஆண்டுகள்

என் முயல் பஞ்சுவை வாங்கியபோது, அடிப்பகுதி முழுவதும் கம்பி வலையாக இருந்த கூண்டையும் கடைக்காரர் சேர்த்துக் கொடுத்தார். புழுக்கை கீழே விழுந்துவிடும், சுத்தம் செய்வது எளிது என்றார். மூன்றாம் மாதம் அவளைத் தூக்கியபோதுதான் பின்னங்கால்களைக் கவனித்தேன். இரண்டு குதிகால்களிலும் ரோமம் உதிர்ந்து, மிளகளவுக்குத் தோல் சிவந்து பளபளத்தது. நாய், பூனைக்கு இருப்பதுபோல் முயலின் பாதத்தில் மெத்தென்ற சதை கிடையாது. ரோமம்தான் அதற்குச் செருப்பு. கம்பியும் ஈரமும் அந்தச் செருப்பைத் தேய்த்துவிடும். அன்றே வலையின் மேல் பலகை போட்டேன்.

அதன் மேல் விரிக்கத் தச்சுப் பட்டறையிலிருந்து இழைப்புச் சுருள் கொண்டுவந்தது அடுத்த தவறு. தூசியில் ஓயாமல் தும்மினாள். ஒட்டுப்பலகைப் பசையும் வார்னிஷும் அதில் கலந்திருக்கும். பைன், சிடார் மரச் சுருள் இன்னும் மோசம். அந்த மணமே மூச்சுக்குழாயை உறுத்தும், ஈரலையும் பாதிக்கும்.

பிறகு பழைய துண்டு. ஒரு மாலை அவள் வாயோரம் நீளமாக ஒரு நூல் தொங்கியது. மெதுவாக உருவி எடுக்கும்வரை எனக்குக் கை நடுங்கியது. முயலுக்கு வாந்தி எடுக்க முடியாது. விழுங்கிய நூல் குடலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

மூன்றரை ஆண்டுகளாக நிலைத்திருப்பது சாயம் ஏற்றாத பனையோலைப் பாய். அதில் நூலே இல்லை. ஓரத்தைக் கடித்துத் தின்றாலும் கவலையில்லை. கோரைப்பாயில் பாவு நூல் ஓடுவதால், அதிலும் இப்போது நைலான் நூலே அதிகம் என்பதால், அதை நான் வாங்குவதில்லை. பாய் நனைந்தால் உடனே மாற்றி வெயிலில் காயவைக்க வேண்டும். ஐப்பசி மழையில் ஓலை பூஞ்சை பிடித்துவிடும். அதனால் மாற்றுப் பாய்கள் இரண்டு எப்போதும் கைவசம் இருக்கும்.

சிறுநீருக்குத் தனித் தட்டு: அடியில் செய்தித்தாள், மேலே தடிமனாக உலர்புல். புல்லை மென்றபடியே கழிப்பது முயலின் வழக்கம் என்பதால் அங்கேயே போய்விடுகிறாள். ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணலை அதில் கொட்டாதீர்கள். வயிற்றுக்குள் போனாலும் அது கட்டியாகத்தான் செய்யும். தட்டை தினமும் மாற்றுகிறேன். நின்றுகொண்டிருக்கும் நமக்கே நெடி தெரிகிறது என்றால், தரையோடு மூக்கை வைத்திருக்கும் அதற்கு எப்படி இருக்கும்?

சித்திரை வெயிலில் பாதி இடத்தை வெறும் சிமெண்டுத் தரையாக விட்டுவிடுகிறேன். மதியம் முழுவதும் காலை நீட்டி அங்கேதான் படுத்திருப்பாள்.

குதிகால்களில் ரோமம் திரும்ப வளர்ந்துவிட்டது. இடது காலில் மட்டும் இன்னும் மெல்லிதாக இருக்கிறது. ஞாயிறுதோறும் விரலால் தடவிப் பார்க்கிறேன்.