குக்கிங் ரேஞ்ச்: முழு கேஸா, டூயல் ஃபியூயலா, இண்டக்‌ஷனா?

தினமும் சமைக்கிறவர்கள் பழைய அடுப்பைத் தள்ளிவிட்டு, மேலே அடுப்பும் கீழே ஓவனும் சேர்ந்த உயர்ரக ரேஞ்ச் ஒன்று வாங்கலாம் என்று இறங்கினால், கடைசியில் மூன்று வகைகளுக்கு நடுவில் வந்து நிற்பார்கள். மேலே கேஸ் பர்னர், கீழேயும் கேஸ் ஓவன் என்பது ஒன்று. மேலே கேஸ், கீழே மின்சார ஓவன் என்ற டூயல் ஃபியூயல் இன்னொன்று. இரண்டுமே மின்சாரத்தில் ஓடும் இண்டக்‌ஷன் ரேஞ்ச் மூன்றாவது. நான் வாங்கியது முழு கேஸ், அதிலும் திறந்த பர்னர் வைத்தது. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை.

முதலில் வேகம். சாதாரண அடுப்பின் பர்னர் மணிக்கு 9,000 முதல் 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வரை தரும். உயர்ரக ரேஞ்சில் 15,000-இல் ஆரம்பித்து 25,000 வரை போகிறது. அதாவது சுமார் 7.3 கிலோவாட். விளம்பரத்தில் இந்த எண்ணைத்தான் பெரிதாகப் போடுவார்கள். ஆனால் கேஸ் தீயில் மூன்றில் ஒரு பங்கு வெப்பம்தான் பாத்திரத்துக்குள் போகிறது, மிச்சம் சமையலறையைச் சூடாக்குகிறது. இண்டக்‌ஷனில் 85 சதவீதம் வரை பாத்திரத்திலேயே இறங்கிவிடும். தண்ணீரைக் கொதிக்க வைக்கும் போட்டி என்றால் இண்டக்‌ஷன்தான் ஜெயிக்கும், அதில் பேச ஒன்றுமில்லை.

ஓவன் விஷயமும் சீக்கிரம் சொல்லிவிடலாம். கேஸ் எரியும்போது நீராவி உண்டாகும் என்பதால் கேஸ் ஓவனுக்குள் கொஞ்சம் ஈரப்பதம் இருக்கும். மின்சார ஓவனில் காற்று உலர்ந்திருக்கும், வெப்பநிலையும் அதிகம் ஏறி இறங்காது. பிஸ்கட், பேஸ்ட்ரி என்று வாரம் முழுக்க பேக் செய்கிறவர்களுக்கு டூயல் ஃபியூயல் பிடிப்பதற்கு இதுவே காரணம், அது நியாயமானதும்கூட. எனக்கு ஓவன் இரண்டாம்பட்சம், அடுப்பின் மேல்தளம்தான் முக்கியம்.

மேல்தளத்தில் ஒரு உட்பிரிவு உண்டு: மூடிய பர்னரா, திறந்த பர்னரா? மூடியதில் பர்னரைச் சுற்றி ஸ்டீல் தளம் இடைவெளியில்லாமல் அடைத்திருக்கும், திறந்ததில் சுற்றிலும் கீழே திறந்திருக்கும். வுல்ஃப், தெர்மடார் போன்ற கம்பெனிகள் மூடிய பர்னரில் பெயர் பெற்றவை. அமெரிக்க கம்பெனியான புளூஸ்டார் திறந்த பர்னருக்குப் பெயர்போனது. மூடியதில் தீ வளையமாக வெளிப்பக்கம் விரியும், வாணலியின் நடுப்பகுதி கொஞ்சம் பின்தங்கும். திறந்ததில் காற்று கீழிருந்தும் வருவதால் தீ நேராக மேலே ஏறி நடுவிலும் படும். வாணலியில் வெங்காயம் வதக்கினால் இந்த வித்தியாசம் கண்ணில் படும். நடுவில் இருப்பதை ஓரத்துக்கு ஓயாமல் தள்ளிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. மெல்லிய தீயில் மட்டும் மூடிய பர்னருக்கே மதிப்பெண். வுல்ஃபில் இரண்டு அடுக்காகத் தீ வரும், கீழடுக்கு மட்டும் எரிந்தால் சாக்லேட்டை நேரடியாகவே உருக்கலாம். தெர்மடாரின் சில பர்னர்களில் தீ தானாக அணைந்து அணைந்து எரியும். என் ரேஞ்சில் சிம் வைப்பதற்கென்று ஒதுக்கிய சின்ன பர்னரில் மட்டும்தான் அந்த வேலை நடக்கிறது.

ஆனால் நான் முடிவெடுத்தது தீயை வைத்து இல்லை. பராமரிப்பை வைத்து.

இவ்வளவு செலவு செய்து வாங்கும் பொருள் இருபது வருடமாவது உழைக்க வேண்டும் என்று நினைப்போம். இருபது வருடத்தில் இரும்பு கெடாது. கெடுவது இக்னைட்டர், வால்வு, தெர்மோஸ்டாட், கன்ட்ரோல் போர்டு. ஆகவே கேட்க வேண்டியது, ஒவ்வொரு வகையிலும் எது முதலில் போகும், போனால் யார் சரி செய்வார்கள் என்பதுதான்.

முழு கேஸ் ரேஞ்சின் ஓவனில் பெரும்பாலும் முதலில் போவது இக்னைட்டர். சூடாகிச் சிவந்து கேஸைப் பற்றவைக்கும் சின்னப் பட்டை அது. அதன் வழியாகப் போதுமான மின்னோட்டம், ஏறக்குறைய 3 ஆம்பியர், பாய்ந்தால்தான் கேஸ் வால்வு திறக்கும். வயதாக ஆக அதன் தடை கூடும், மின்னோட்டம் குறையும். அப்போது பட்டை சிவக்கும், ஆனால் கேஸ் வராது. அல்லது ரொம்ப நேரம் கழித்து ‘புஸ்’ என்று ஒரேயடியாகப் பற்றும். இந்த அறிகுறி தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. எனக்கும் அப்படி ஆனது. பிளக்கைப் பிடுங்கி, கேஸை மூடி, ஓவனின் அடித்தகட்டை எடுத்தால் இரண்டு ஸ்க்ரூவில் அது நிற்கிறது. பட்டை சட்டென்று உடையும் என்பதால் விரல் படாமல் அடிப்பகுதியைப் பிடித்து மாட்ட வேண்டும், அவ்வளவுதான். கேஸ் இணைப்பில் கைவைக்கிற வேலை வந்தால் மட்டும் அதற்கான ஆளைக் கூப்பிட்டுவிடுவேன்.

டூயல் ஃபியூயலில் மேலே இதே எளிமை உண்டு. கீழே இருப்பது வேறு உலகம்: டச் பேனல், ரிலே போர்டு, கதவைப் பூட்டும் மோட்டார், தானே சுத்தம் செய்துகொள்ளும் வசதி. அந்த சுத்திகரிப்புக்கு ஓவன் ஏறக்குறைய 480 டிகிரி செல்சியஸ் வரை போகும். கறையெல்லாம் சாம்பலாகிவிடும், உண்மைதான். ஆனால் அந்தச் சூடு அருகிலிருக்கும் எலக்ட்ரானிக்ஸுக்கு நல்லதில்லை. பெரிய விருந்துக்கு முந்தைய நாள் அதைப் போடாதீர்கள் என்று மெக்கானிக்குகள் சொல்வது சும்மா இல்லை. என் ஓவனில் அந்த வசதியே கிடையாது. கையால்தான் தேய்க்கிறேன், அலுப்பான வேலைதான்.

இண்டக்‌ஷனில் எல்லாமே போர்டுதான். பாதி மேல்தளம் வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் பவர் போர்டையே மாற்றச் சொல்வார்கள். கம்பெனி அந்த போர்டைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டால், பளபளவென்று இருக்கும் ரேஞ்ச் முழுவதும் காயலான் கடைக்குப் போகும். கண்ணாடி விரிசல் விட்டாலும் மொத்தத் தகட்டையும் மாற்ற வேண்டும். பர்னரில் பழுதென்றால் அந்த ஒரு பர்னரோடு முடிந்துவிடும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இண்டக்‌ஷனை உறவினர் வீட்டில் தங்கும்போது சமைத்துத்தான் எனக்குப் பழக்கம். பத்து வருடம் ஓடிய இண்டக்‌ஷன் ரேஞ்ச் எப்படி இருக்கும் என்று என் கையால் பார்த்ததில்லை. போர்டுகள் இப்போது முன்பைவிட உறுதியாக வருகின்றன என்று யாராவது அனுபவத்தில் சொன்னால் மறுக்க மாட்டேன்.

தினசரி துடைக்கும் வேலையில் வரிசை அப்படியே தலைகீழ். பால் பொங்கி வழிந்தால் இண்டக்‌ஷனில் ஈரத்துணியோடு முடிந்தது. மூடிய பர்னரில் வழிந்தது ஸ்டீல் தளத்திலேயே தங்கி, துடைக்கத் தாமதித்தால் பழுப்பாகப் பிடித்துக்கொள்ளும். திறந்த பர்னரில் அது நேராகக் கீழே இறங்கி இழுப்பறைத் தட்டில் விழும். தட்டில் அலுமினிய ஃபாயில் விரித்து, வாரம் ஒருமுறை சுருட்டி எறிகிறேன். மேலே கம்பித்தட்டு, அதற்குக் கீழே கிண்ணம், பர்னர் தலை என எல்லாம் கருவி இல்லாமல் கையோடு வந்துவிடும். வார்ப்பிரும்பு கம்பித்தட்டின் கனம்தான் மணிக்கட்டைப் பதம் பார்க்கிறது. மூட்டுவலி உள்ளவர்கள் கடையிலேயே ஒருமுறை தூக்கிப் பார்த்துவிடுங்கள்.

புகைபோக்கியை மறந்தால் முழு கேஸ் எடுப்பதில் அர்த்தமில்லை. எல்லா பர்னரின் பிடியூவையும் கூட்டி, 100-க்கு நிமிடத்துக்கு 1 கன அடி காற்று வீதம் வெளியேற்றும் ஹூட் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கூட்டுத்தொகை 1,00,000 என்றால் 1,000 கன அடி. காற்றைச் சுற்றிவிட்டு உள்ளேயே விடும் ஹூட் போதாது, குழாய் வெளியே போக வேண்டும், ஏனென்றால் கேஸ் தீ நைட்ரஜன் டை ஆக்சைடையும் உமிழ்கிறது. வெளியே குழாய் விட வழியில்லாத வீடு என்றால் நான் மேலே அடுக்கிய பராமரிப்பு வாதத்தையெல்லாம் ஓரம்கட்டிவிட்டு இண்டக்‌ஷனே எடுங்கள். அந்த வகை ரேஞ்ச் பலவற்றுக்கு 40 அல்லது 50 ஆம்பியர் தனி லைன் தேவைப்படும், அதை மட்டும் எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரம் போனால்? பெரும்பாலான கேஸ் ரேஞ்சில் மேல் பர்னரைத் தீக்குச்சியால் பற்றவைக்கலாம். ஓவன் எரியாது, அந்த இக்னைட்டருக்கு மின்சாரம் வேண்டும்.