டைம்கீப்பர் நெக்ஸ்ட்: வீட்டு லினக்ஸுக்கு நேரக் கட்டுப்பாடு போட்டு இரண்டு வருடம்

வீட்டில் ஒரே கணினி, அதில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம். மகள் பிளஸ் ஒன், மகன் எட்டாவது. இரவு 11 மணிக்கும் யாராவது ஒருவர் அதன் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். கத்திக் கத்தித் தொண்டை வலித்ததுதான் மிச்சம்.

முதலில் பாம்_டைம் (pam_time) என்ற லாகின் நேரக் கட்டுப்பாட்டைப் போட்டேன். லினக்ஸோடு வருவது, யார் எப்போது லாகின் செய்யலாம் என்று ஒரு வரி எழுதி, லாகின் அமைப்பில் அதை இயக்கிவிட வேண்டும். ஆனால் அது வாசல் காவலாளி மாதிரி, உள்ளே நுழையும்போது மட்டும்தான் கேட்கும், வெளியே அனுப்பாது. மாலை 5 முதல் 8 வரை என்று வைத்தேன்; பையன் 7:55க்கு உள்ளே போய் பத்தரை வரை விளையாடினான்.

அப்புறம்தான் டைம்கீப்பர் நெக்ஸ்ட் (Timekpr-nExt) என்ற நேரக் கட்டுப்பாட்டு மென்பொருள். எந்தெந்த மணிக்கு, நாளுக்கு எவ்வளவு, வாரத்துக்கு எவ்வளவு என்று ஆளுக்கு ஆள் தனியாக வைக்கலாம். மீதி நேரம் திரையின் ஓரத்தில் தெரிவதால் "இன்னும் எவ்வளவுப்பா?" என்ற கேள்வியே போய்விட்டது. பரீட்சை நேரத்தில் கூடுதலாக அரை மணி வேண்டுமென்றால், போனிலிருந்தே எஸ்எஸ்ஹெச் (தூரத்திலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) மூலம் ஒரு கட்டளை கொடுத்துவிடுவேன்.

நேரம் முடிந்ததும் என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். நான் யோசிக்காமல் லாக்அவுட்டை (எல்லாவற்றையும் மூடி வெளியேற்றுவது) விட்டுவைத்தேன், மகள் சேவ் செய்யாத ப்ராஜெக்ட் மொத்தமும் போய், இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. அவளுக்கு ஸ்கிரீன் லாக்குக்கு மாற்றினேன். அதில் பாஸ்வேர்டு போட்டால் சில விநாடி திறக்கும், மறுபடி பூட்டிக்கொள்ளும், ஃபைலைச் சேவ் செய்ய அது போதும். பையனுக்கும் அதையே வைத்தபோது, அவன் திறந்து திறந்தே ஒரு ஆட்டத்தை முடித்துவிட்டான்! அவனுக்கு லாக்அவுட்தான் சரி.

இன்னொன்று, பிள்ளைகளின் கணக்குக்கு சூடோ உரிமை (அட்மின் போல எதையும் மாற்றும் அதிகாரம்) இருந்தால் இதெல்லாம் வீண். பையனை நானே அட்மினாகச் சேர்த்து வைத்திருந்தது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பென்டிரைவிலிருந்து வேறு லினக்ஸ் ஏற்றிவிடாதபடி பயாஸிலும் (கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அமைப்பு) பாஸ்வேர்டு போட்டாயிற்று.

இப்போதெல்லாம் கணினி நின்றதும் பாட்டியின் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறான். பாட்டியிடம் கேட்டால், "பாவம், பிள்ளை சும்மாதானே பாக்குது" என்கிறார்.