மக்காவ் நகரின் வெனிஷியன் விடுதி: சூதாடாதவர் பார்வையில் ஒரு மதிப்பீடு

சூதாட்டத்தில் நாட்டமில்லாத ஒருவர் தம் முதல் வெளிநாட்டுப் பயணமாக, சீனாவின் தென்கரையில் ஹாங்காங்குக்கு அருகிலுள்ள மக்காவ் (Macau) நகருக்குச் சென்றால், அங்கே கோட்டாய்ப் பகுதியிலுள்ள வெனிஷியன் என்னும் சூதாட்ட விடுதியில் தங்குவது தகுமா? தகும் என்பதே என் கருத்து. அந்த விடுதி எதற்காகக் கட்டப்பட்டதோ அதை மட்டும் விட்டுவிட்டு, மற்ற அனைத்தையும் நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஹாங்காங் வழியாகச் செல்வோருக்கு, 2018-இல் திறக்கப்பட்ட 55 கிலோமீட்டர் நீளக் கடற்பாலத்துப் பேருந்தே எளிய வழி. நடுவில் ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் சாலை கடலடிச் சுரங்கத்தில் இறங்கி மீண்டும் மேலே ஏறுகிறது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஹாங்காங்குக்குள் நுழைய இணையத்தில் முன்கூட்டியே பதிவு செய்துகொள்ள வேண்டும். மக்காவுக்கு முன்கூட்டியே விசா பெறத் தேவை இருந்ததில்லை. எனினும் புறப்படுமுன் அன்றைய விதியைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. எல்லைச் சோதனை முடிந்து வெளியே வந்தால் காசினோக்களின் இலவசப் பேருந்துகள் நிற்கும். அங்கே தங்குபவரா, சும்மா பார்க்க வருபவரா என்று பொதுவாக யாரும் கேட்பதில்லை. புதிய ஊரில் வாடகைக் கார் ஓட்டுநரிடம் பேச மொழியின்றித் திணறும் முதல் பயணிக்கு இதைவிட நல்ல வரவேற்பு அமையாது.

ஆனால் இலவசம் என்பது இந்நகரில் எப்போதும் ஒரு திசையை நோக்கியே அழைத்துச் செல்கிறது. அருகிலுள்ள வின் பேலஸ் விடுதியின் கம்பிவட ஊர்தி, நீரூற்றுகள் ஆடும் ஏரியின் மேலாகக் கட்டணமின்றிக் கொண்டுசென்று இறக்குமிடமும் விடுதியின் உட்புறந்தான். வெனிஷியனிலும் அப்படியே: பொன்னிறத் தூண்களும் ஓவியக் கூரையும் கொண்ட முகப்பு மண்டபத்திலிருந்து உள்ளே நடந்தால், கால்கள் தாமாகவே சூதாட்டக் கூடத்தின் பக்கம் திரும்பும்படி வழிகள் அமைந்துள்ளன. 21 வயது நிறையாதவர்களுக்குக் கூடத்தில் அனுமதியில்லை என்பதால், பிள்ளைகளுடன் செல்வோர் சுற்றுவழியில் நெடுந்தூரம் நடக்க நேரும். முதியவர்களை அழைத்துச் செல்வோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

கூடத்துக்குள் நுழைந்து பார்ப்பதற்குக் கட்டணமில்லை. பார்க்க வேண்டிய இடமுங்கூட. படம் எடுக்க மட்டும் அனுமதியில்லை. மேசைகளில் பெரும்பாலானவை பக்காரா என்னும் சீட்டாட்டத்துக்கு உரியவை. ‘ஆட்டக்காரர்’, ‘வங்கியாளர்’ என்ற இரண்டு கைகளில் எது ஒன்பதுக்கு நெருங்கி வரும் என்று பணம் கட்டுவதோடு பந்தயக்காரரின் வேலை முடிந்துவிடுகிறது. திறமைக்கு அங்கே இடமே இல்லை. வங்கியாளர் பக்கம் கட்டினால் விடுதிக்குக் கிடைக்கும் சாதகம் ஏறத்தாழ 1.06 விழுக்காடு, ஆட்டக்காரர் பக்கம் 1.24 விழுக்காடு, இரண்டும் சமமாகும் என்று கட்டினாலோ 14 விழுக்காட்டையும் தாண்டிவிடும். ஒவ்வொரு மேசையிலும் முந்தைய முடிவுகளைச் சிவப்பு, நீல வட்டங்களாகக் காட்டும் திரை ஒன்று உண்டு. ஒரு முடிவுக்கும் அடுத்ததற்கும் பெரிதாகத் தொடர்பில்லை என்றாலும், ஜாதகக் கட்டத்தை ஆராய்பவர்களைப் போல மக்கள் அதையே உற்றுப் பார்க்கிறார்கள். குறைந்தபட்சப் பந்தயமே பெரும்பாலும் பல நூறு ஹாங்காங் டாலர் என்பதால், விளையாட்டாக ஒருமுறை கட்டிப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை வாசலிலேயே விட்டுவிடுவது உத்தமம்.

மேல்தளத்துக் கடைவீதியில்தான் இத்தாலியின் வெனிஸ் நகரைப் போல அமைத்த, பலரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்தச் செயற்கைக் கால்வாய்கள் ஓடுகின்றன. எந்நேரமும் மாலையாகவே இருக்கும்படி வானம் வரையப்பட்டிருக்கிறது. படகோட்டிகள் இத்தாலியப் பாடல்களை நன்றாகவே பாடுகிறார்கள். ஆனால் சவாரி குறுகியது, கட்டணமும் தனி. பாலத்தின் மேல் நின்று கேட்டாலும் அதே பாடல்தான். அறைகளைப் பொறுத்தவரை குறை சொல்ல ஒன்றுமில்லை: ஏறத்தாழ மூவாயிரம் அறைகளிலும் படுக்கும் பகுதியும் அமரும் பகுதியும் பிரிந்தே உள்ளன. சீனப் புத்தாண்டையும் அக்டோபர் முதல் வாரத்தையும் வார இறுதிகளையும் தவிர்த்தால் வாடகை கணிசமாகக் குறைகிறது. சைவ உணவு உண்போர் முன்கூட்டியே இந்திய உணவகத்தைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும். உள்ளூர்க் கடைகளில் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியே முதன்மையான பண்டம்.

இவ்விடுதியின் உண்மையான சிறப்பு, அதிலிருந்து வெளியேறுவது எளிது என்பதே. நடந்து செல்லும் தொலைவில் பழைய தைப்பா கிராமமும், 1921-இல் கட்டப்பட்டு இன்று அருங்காட்சியகமாக உள்ள ஐந்து பச்சை வீடுகளும் இருக்கின்றன. பழைய நகரம் இருக்கும் மக்காவ் தீபகற்பப் பக்கம் சென்றால், 1835-இல் தீக்கிரையான புனித பவுல் தேவாலயத்தின் எஞ்சிய முகப்பைக் காணலாம். படிகளில் கூட்டம் சேருமுன் காலையிலேயே சென்றுவிட வேண்டும். 1844 வரை மக்காவ், கோவாவிலிருந்த போர்த்துகீசிய ஆளுநரின் கீழ் இருந்தது. பழைய கோவாவைப் பார்த்தவர்களுக்கு இங்குள்ள தேவாலயங்களும் சாளரங்களும் அந்நியமாகத் தோன்றா. மக்காவின் தென்பகுதியான கொலோவானில் 1989-இல் தொடங்கிய லார்ட் ஸ்டோ அடுமனையின் முட்டைப் பணியாரத்தைச் சூடாக வாங்கி, அங்கேயே நின்று உண்பது நல்லது. மேற்புறம் சற்றே கருகி, உள்ளே பால்கோவா பதத்துக்குச் சற்று முன்னதாக இருக்கும்.

பணம் குறித்து ஒரு சொல். உள்ளூர் நாணயமான பட்டாக்காவில் 103 கொடுத்தால்தான் 100 ஹாங்காங் டாலருக்கு ஈடாகும். ஆனால் கடைகளில் இரண்டையும் பெரும்பாலும் ஒரே மதிப்பில் வாங்கிக்கொண்டு, மீதியைப் பட்டாக்காவாகத் தருகிறார்கள். மக்காவை விட்டு வெளியே அதை மாற்றுவது கடினம். ஆகவே ஊர் திரும்பும் நாளில் கையில் மிஞ்சிய பட்டாக்காவை வாதுமை ரொட்டிகளாக்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம்.