ஊக்கப் பேச்சு போதும், கணக்கு பார்க்க யார் வருவார்?

அமெரிக்காவில் இருக்கும் நம்மைப் போன்ற வெள்ளையரல்லாத பெண்கள் சின்னதாக ஒரு தொழில் ஆரம்பிக்கப் போகிறோம் என்று வாயைத் திறந்தால் போதும், மாநாடு, வெபினார், 'உன்னால் முடியும்' வகுப்பு என்று வரிசையாக வந்து நிற்கும். காசு கட்டிப் போன ஒரு பயிற்சித் திட்டத்தில் (பெயர் வேண்டாம்) கடைசிவரை யாரும் என் விலைப்பட்டியலைக் கேட்கவே இல்லை. வீட்டிலிருந்து பொடி வகைகள் விற்கிறவள் நான். எனக்குப் பயன்பட்டது, விசாரித்துத் தெரிந்துகொண்டது இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

என் முதல் ஓட்டு ஸ்கோர் அமைப்புக்கு. 1964-இல் தொடங்கியது, மத்திய அரசின் சிறுதொழில் துறையான எஸ்பிஏவோடு சேர்ந்து இயங்குகிறது, தொழில் நடத்தி ஓய்வுபெற்றவர்களும் இன்னும் நடத்திக்கொண்டிருப்பவர்களும் தன்னார்வ மென்டர்களாக, அதாவது வழிகாட்டிகளாக, வருகிறார்கள், ஆலோசனைக்குப் பைசா கிடையாது. எனக்கு வாய்த்த மென்டருக்குப் பருப்புப் பொடி என்றால் என்னவென்றே தெரியாது. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்கள் நேரத்துக்கு எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?" நாம் மிளகாய், பருப்பு, டப்பா எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுவோம், வறுத்து அரைத்துச் சலித்து லேபிள் ஒட்டிய நம் கைக்கு மட்டும் கூலி போட மாட்டோம். அப்புறம் கார்டு கட்டணம்: ஆன்லைனில் பரவலாக 2.9 சதவீதமும் 30 சென்டும் பிடிக்கிறார்கள், 6 டாலர் பாக்கெட்டில் அதுவே சுமார் 47 சென்ட். சின்னப் பாக்கெட்டாக விற்றால் அந்த 30 சென்ட்தான் கொல்லும், அதனால் மூன்று பொடி சேர்ந்த செட்டாக விற்கச் சொன்னார்.

வீட்டுச் சமையலறையில் செய்து விற்பதற்கான சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நியூ ஜெர்சி 2021-இல்தான் இதற்கு வழிவிட்டது. பெரும்பாலான இடங்களில் காய்ந்த பொடிக்கு அனுமதி கிடைக்கும், ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டிய இட்லி மாவுக்குக் கிடைக்காது, அதற்கு லைசென்ஸ் உள்ள சமையலறையை வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும்.

ஸ்கோரில் குறை? யார் மென்டராக வருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். சரிப்படவில்லை என்றால் வேறு ஆளைக் கேட்கலாம், கூச்சப்படாதீர்கள். ஆனால் வந்து இரண்டு வருடமே ஆகி கிரெடிட் ஹிஸ்டரியே (கடன் வாங்கிக் கட்டிய பதிவு) இல்லாத பெண்ணின் சிக்கல் எல்லா மென்டருக்கும் பிடிபடும் என்று சொல்ல முடியாது. அப்படிப்பட்ட பெண்களுக்கு, பெண்களுக்கென்றே தொழில் ஆலோசனை தரும் விமன்ஸ் பிசினஸ் சென்டர்தான் பொருத்தம், நாடு முழுக்க நூற்றுக்கு மேல் இருக்கின்றன. 1988-இல் வந்த சட்டத்தால் பிறந்தவை இவை. அதே சட்டம் வரும்வரை சில மாநிலங்களில் பெண் தொழில் கடன் கேட்டால் ஆண் உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டியிருந்ததாம், 1988 வரைக்கும்!

பணத்துக்கு வருவோம். கிவா என்ற இணையக் கடன் தளத்தில் 15,000 டாலர் வரை வட்டியில்லாக் கடன், கிரெடிட் ஸ்கோர் பார்ப்பதில்லை, ஊர்பேர் தெரியாதவர்கள் 25 டாலரிலிருந்து கொடுக்கிறார்கள். ஆனால் முதலில் தெரிந்தவர்களிடம் கேட்டு ஆரம்பித்துவைக்க வேண்டும், தமிழ்ச் சங்க வாட்ஸ்அப் குழுவில் அந்த லிங்கைப் போடுவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. கிராமீன் அமெரிக்கா வேறு மாதிரி: 2008-இல் நியூயார்க்கில் ஆரம்பித்தது, ஐந்து பெண்கள் குழுவாகச் சேர வேண்டும், கடன் சிறு தொகையில் தொடங்கும், வாரத் தவணை. நம் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். வட்டி உண்டு, ஆனால் ஒழுங்காகக் கட்டினால் கிரெடிட் ஹிஸ்டரி வளரும்.

கிராண்டை (திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை) நம்பி மட்டும் மெஷினுக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் 20,000 டாலர் கிராண்ட் கொடுத்துவந்தது. 2023-இல் அது இனப் பாகுபாடு என்று எதிர்த்து வழக்கு, 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தடை, செப்டம்பரில் சமரசம் என்று போய் அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு, ஆனால் கோபத்தை வைத்து வாடகை கட்ட முடியாதே.

டபிள்யூஓஎஸ்பி, அதாவது பெண்கள் நடத்தும் சிறுதொழில் என்ற சான்றிதழ், என்னைப் போல் பொடி விற்கிறவளுக்குத் தேவையில்லை. கிளீனிங், ஐடி சேவை என்று அரசு ஒப்பந்தம் பிடிக்க நினைப்பவர்களுக்குத்தான். குறைந்தது 51 சதவீதப் பங்கும் நிர்வாகமும் அமெரிக்கக் குடியுரிமை உள்ள பெண்களிடம் இருக்க வேண்டும், எஸ்பிஏவே இலவசமாகத் தருகிறது. விசாவில் இருப்பவர்கள் எதையும் தொடங்கும் முன் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்கள், மென்டரிடம் அல்ல.

அப்புறம் ஈஐஎன், அதாவது வரிக்காகத் தொழிலுக்குத் தரும் அடையாள எண். வரித்துறையான ஐஆர்எஸ் தளத்தில் அது இலவசம். அதற்குக் காசு வாங்கும் தளங்களும் உண்டு, பார்க்க அரசாங்கத் தளம் மாதிரியே இருக்கும், முகவரி டாட் கவ் (.gov) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு நிரப்புங்கள்.