ஒரே ஆள், இரண்டு வரிசை: ரத்தக் கொடையாளர் பட்டியலுடன் ஆறு வருடம்

பாளையங்கோட்டையில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து ரத்தக் கொடையாளர் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறோம். முதலில் நோட்டு. 2019 முதல் கணினியில் ஷீட். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கேட்டால், வகையைப் பார்த்து நாங்கள் போன் போடுவோம்.

ஒரே ஆள் இரண்டு முறை பதிவானால் என்ன கெட்டுவிடும் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தேன். ஒரு நாள் தையல்கடை அண்ணாச்சி ஒருவரை அழைத்தேன். "என்ன தம்பி, போன மாசந்தான குடுத்தேன், மறுபடியும் கூப்பிடுதிய?" என்றார். ஆண்கள் ஒரு முறை கொடுத்தால் 90 நாள், பெண்கள் 120 நாள் பொறுக்க வேண்டும். கொடுத்த தேதியை அவருடைய ஒரு வரிசையில் ஏற்றியிருந்தோம். நான் பார்த்தது இன்னொரு வரிசை. அவருக்குச் சொல்லத் தெரிந்தது, எல்லோருக்கும் தெரியுமா?

பெயரை வைத்துத் தேடுவது நம் ஊரில் வேலைக்கு ஆகாது. இசக்கிமுத்து, சுடலைமுத்து, மாடசாமி, பேச்சியம்மாள் என்று தெருவுக்கு நாலு பேர். அதே ஆளை ஒருவர் எசக்கிமுத்து என்று எழுதுவார். கௌசல்யா என்ற பெயரில் 'கௌ'வைச் சரியாக அடித்தவர்களும் உண்டு, 'கெ' போட்டுப் பக்கத்தில் 'ள' அடித்தவர்களும் உண்டு. கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு பெண்கள். ஊர்ப் பெயர் இன்னும் மோசம்: பாளை, பாளையங்கோட்டை, வி.கே.புரம், விக்கிரமசிங்கபுரம். போதாததற்கு 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. சங்கரன்கோவில்காரர் ஒருவர் பழைய மாவட்டத்தில் ஒரு தடவை, புது மாவட்டத்தில் ஒரு தடவை என்று இரண்டு இடத்தில் இருந்தார்.

சரி, செல்போன் எண்ணைப் பிடிப்போம் என்று, ஓர் எண் எத்தனை தடவை இருக்கிறது என்று எண்ணிச் சொல்லும் கவுண்ட்இஃப் சூத்திரம் போட்டு, ஏற்கெனவே இருக்கிற எண்ணை ஏற்காதபடி செய்தேன். ஒவ்வொன்றாக அடித்தால் தடுத்தது. கல்லூரி முகாமிலிருந்து வந்த பட்டியலை மொத்தமாக ஒட்டியபோது எல்லாமே உள்ளே போய்விட்டது. ஒருவர் முன்னால் 0 போட்டிருந்தார், இன்னொருவர் 91, வேறொருவர் ஐந்து இலக்கத்துக்குப் பிறகு இடைவெளி. இடைவெளியை நீக்கிவிட்டுக் கடைசி 10 இலக்கத்தை மட்டும் தனிப் பத்தியில் எடுத்து ஒப்பிட்ட பிறகுதான் பாதித் தொல்லை தீர்ந்தது.

மீதிப் பாதிக்குச் சூத்திரம் கிடையாது. ஒரே போனை அப்பாவும் மகனும் வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. மகன் புதிதாகச் சேர வந்தால் ஷீட் விரட்டிவிடும். எண்ணை மாற்றிக்கொண்டு திரும்பப் பதிகிறவர்களும் உண்டு. அதனால் தடுப்பை எடுத்துவிட்டேன். இப்போது பிறந்த தேதியும் அப்பா பெயரும் ஒத்துப்போனாலோ, எண் ஒத்துப்போனாலோ வரிசை மஞ்சளாகும், அவ்வளவுதான். பிறந்த தேதி பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார் போட்டதாக இருக்கலாம். பரவாயில்லை, எல்லா இடத்திலும் அதே தேதியைத்தானே சொல்கிறார்கள்!

மஞ்சளான வரிசைகளுக்கு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே போன் செய்து கேட்கிறோம். அலுப்பான வேலைதான். ஆனால் அப்படிக் கேட்டபோதுதான் ஒருவருக்கு ஒரு வரிசையில் ஓ பாசிட்டிவ், மற்றதில் ஏ பாசிட்டிவ் என்று இருந்தது தெரிந்தது. ரத்த வங்கி கொடுத்த அட்டையைப் பார்த்துத் திருத்தினோம். இரட்டைப் பதிவு இல்லாதிருந்தால் அந்தத் தப்பு அப்படியே கிடந்திருக்கும். இரண்டையும் ஒன்றாக்கும்போது கடைசியாகக் கொடுத்த தேதியை மட்டும் விடாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் முதலில் அவசரத்தில் புது வரிசையை வைத்துக்கொண்டு பழையதை அழித்து, சில தேதிகளை இழந்தேன்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. பேட்டையில் இரட்டைப் பிள்ளைகள் இருவர். பிறந்த தேதி ஒன்று, அப்பா ஒன்று, வீட்டுப் போனும் ஒன்று. மாதாமாதம் மஞ்சள் விழுகிறது. இரண்டு பேருமே பி பாசிட்டிவ். ஒருவரைக் கூப்பிட்டால் மற்றவரும் கூடவே வந்துவிடுகிறார்.