வால்கிரிண்ட்: ஆழ்நகல் பழகுவோருக்கு ஏற்ற கருவி

சி பிளஸ் பிளஸ் மொழியில் ‘நியூ’ கொண்டு நினைவகம் பெறும் ஒரு கிளாஸை எழுதி, அதற்குக் காப்பி கன்ஸ்ட்ரக்டரை (ஓர் ஆப்ஜெக்டின் நகலாகப் புதியதை உருவாக்கும் ஃபங்ஷனை) எழுதாமல் விட்டால், கம்பைலர் தானாகவே ஒன்றை உருவாக்கிக்கொள்கிறது. அது சுட்டியில் உள்ள முகவரியை மட்டும் நகலெடுப்பதால் இரண்டு ஆப்ஜெக்ட்கள் ஒரே நினைவகத் துண்டுக்கு உரிமை கொண்டாடுகின்றன; இரண்டின் டிஸ்ட்ரக்டர்களும் (ஆப்ஜெக்ட் அழியும்போது இயங்கும் ஃபங்ஷன்கள்) அதே துண்டை விடுவிக்க முனையும்போது நிரல் முறிகிறது. முறிந்தது எங்கே என்பது தெரிந்தாலும், ஏன் என்பது கற்பவருக்கு எளிதில் விளங்குவதில்லை. இந்த இடத்தில் பேருதவி புரிவது, ஜூலியன் சீவர்ட் உருவாக்கி 2002-இல் முதல் பதிப்பு வெளியான வால்கிரிண்ட் என்னும் கட்டற்ற மென்பொருள்; நிரலை இயக்கிப் பார்த்து அதன் பிழைகளைக் கண்டறிய உதவுவது. நினைவகப் பிழைகளைத் தேடும் அதன் மெம்செக் என்ற கருவியை மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன்.

இரட்டை விடுவிப்பு நேர்ந்தால் மெம்செக்கின் அறிக்கை மூன்று இடங்களைக் காட்டுகிறது: இரண்டாம் முறை விடுவித்த வரி, முதல் முறை விடுவித்த வரி, அந்த நினைவகத்தைப் பெற்ற வரி. முதல் இரண்டும் ஒரே டிஸ்ட்ரக்டருக்கே இட்டுச்செல்ல, மூன்றாவது ஒரே ஒரு ஒதுக்கீட்டைச் சுட்டும். ஒரு முறை பெற்றதை இரு முறை விடுவித்திருக்கிறோம், ஆகவே நகலுக்கென்று தனி நினைவகம் ஒதுக்கப்படவேயில்லை என்பதை மாணவர் தாமே கண்டுகொள்கிறார். ஆழ்நகலின், அதாவது முகவரியை மட்டுமன்றி அங்குள்ள தரவையும் தனி நினைவகத்தில் நகலெடுப்பதன், தேவையை இவ்வளவு நேரடியாக உணர்த்தும் வேறு விளக்கத்தை நான் கண்டதில்லை.

ஏற்கெனவே உள்ள ஆப்ஜெக்டில் மற்றொன்றை நகலெடுக்கும் அசைன்மென்ட் ஆபரேட்டரில் இதன் பயன் இன்னும் பெரிது, ஏனெனில் அங்கு நேரும் பிழைகள் பெரும்பாலும் ஓசையின்றி நடப்பவை. பழைய நினைவகத்தை விடுவிக்க மறந்தால், இழந்த பைட்களின் எண்ணிக்கையும் (முழுக் கசிவுச் சோதனையைக் கேட்டிருந்தால்) அவற்றை ஒதுக்கிய வரியும் வருகின்றன. ஓர் ஆப்ஜெக்டை அதற்கே அசைன் செய்யும்போது, முதலில் விடுவித்துவிட்டுப் பிறகு வலப்பக்கச் சரத்தின் நீளத்தை அளந்தால், விடுவித்த இடத்தைப் படித்த குற்றம் பதிவாகிறது. அணியாகப் பெற்றதைச் சாதாரண ‘டெலீட்’ கொண்டு விடுவித்தாலும் எச்சரிக்கிறது.

குறைகளும் உள்ளன. நிரலின் வேகம் 20 முதல் 30 மடங்கு வரை குறையலாம். விண்டோஸில் இது நேரடியாக இயங்காது. ஸ்டாக்கில் உள்ள அணியின் எல்லையைத் தாண்டுவதை இது பொதுவாகப் பிடிப்பதில்லை. கம்பைலரோடு வரும் மற்றொரு நினைவகச் சோதனைக் கருவியான அட்ரஸ் சானிடைசர் அதைப் பிடிப்பதோடு, சுமார் இரு மடங்கு வேகக் குறைவோடு நின்றுவிடுகிறது. ஆனால் மதிப்பு கொடுக்கப்படாத நினைவகத்தைப் பயன்படுத்துவதை மெம்செக் கண்டுபிடிக்கும், அட்ரஸ் சானிடைசர் கண்டுபிடிக்காது. இவற்றைவிட முக்கியமான வரம்பு ஒன்று உண்டு: டிஸ்ட்ரக்டரே இல்லாத கிளாஸில் ஒரு நகலில் செய்த மாற்றம் மற்றதிலும் தெரிந்தால், மெம்செக் கசிவை மட்டுமே சொல்லும், மேலோட்டமாக நகலெடுத்ததைச் சொல்லாது.

எனவே பெரிய திட்டங்களின் அன்றாடச் சோதனைக்கு அட்ரஸ் சானிடைசரையும், கற்றலுக்கு மெம்செக்கையும் பரிந்துரைக்கிறேன். இயங்கிய வழிகளை மட்டுமே இது சோதிக்கும் என்பதால், நகலெடுத்தல், அசைன் செய்தல், தனக்கே அசைன் செய்தல், ஃபங்ஷனுக்கு மதிப்பாக அனுப்புதல் ஆகிய நான்கையும் மெயின் ஃபங்ஷனில் எழுதி, ஒரு நகலை மாற்றியபின் மூலத்தையும் அச்சிட்டுப் பார்க்க வேண்டும்.