பில்ட் பிளகின் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: 340 மீன் படம் போன கதை

மண்டபத்தில் எங்கள் சித்தப்பாவுக்கு மீன் கமிஷன் கடை. ஏலக் கணக்கு, படகுக்காரர் பாக்கி, ஐஸ் பற்று எல்லாம் எழுத ஓர் ஆண்ட்ராய்டு ஆப் செய்துகொண்டிருக்கிறேன். கடைப் பையன்களுக்குப் பெயரைத் தேடுவதைவிடப் படத்தைத் தொடுவது சுலபம். அதனால் பிப்ரவரி, மார்ச் முழுக்க விடியுமுன் கரைக்குப் போய் நகரை, விளமீன், காரல், கணவாய் என்று தொடங்கி சங்காயக் (கழிவு மீன்) குவியல்வரை நானே படம் எடுத்தேன். மொத்தம் 340.

இவற்றைச் சிறிதாக்கி ஆப்புக்குள் வைக்க ஒரு கிரேடில் பிளகினை (கிரேடில் என்பது ஆப்பைக் கட்டித் தரும், அதாவது 'பில்ட்' செய்யும் மென்பொருள்; பிளகின் அதோடு சேரும் துணை நிரல்) ஆன்லைனில் ஒருவரிடம் 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். "ஒரு வரி சேருங்க ப்ரோ, மீதிய அதுவே பாத்துக்கும்" என்றார். பார்த்துக்கொண்டது.

என் ஹோம் ஃபோல்டரில் 'படகு' என்று ஒன்று, அதில் அசல் படங்கள். பக்கத்திலேயே 'படகு கணக்கு', அதில் ஆப்பின் கோடு (நிரல்). பிளகின் ஒவ்வொரு தடவையும் பில்ட் ஃபோல்டரில் உள்ள பழைய சிறு படங்களைத் துடைத்துவிட்டுப் புதிதாகச் செய்யும். துடைப்பதற்கு, எதையும் கேட்காமல் ஃபோல்டரோடு அழிக்கும் 'ஆர்எம் -ஆர்எஃப்' கட்டளையோடு ஃபோல்டர் பாதையை ஒட்டி, ஒரே சரமாக, கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லிடம் நீட்டியிருந்தார்கள். மேற்கோள் குறிகூட இல்லை. ஷெல்லுக்கு இடைவெளி வந்தால் ஒரு சொல் முடிந்தது. 'படகு கணக்கு/பில்ட்' என்று கொடுத்தது அதற்கு 'படகு', 'கணக்கு/பில்ட்' என இரண்டாகப் பட்டது. முதலாவது இருந்தது, போய்விட்டது. இரண்டாவது உலகத்திலேயே இல்லை. ஆனால் -எஃப் போட்டால் இல்லாத ஃபைலுக்காக ஆர்எம் வாயே திறக்காது.

அதன்பின் படம் சுருக்கும் டூல் பாதை கிடைக்காமல் தோற்றிருக்கிறது. வெளி டூல் பூஜ்யம் அல்லாத குறியீட்டோடு முடிந்தால் கிரேடில் வழக்கமாக பில்டையே நிறுத்திவிடும். இவர்கள் அந்தச் சோதனையை அணைத்து வைத்திருந்தார்கள். திரையில் பச்சையாக 'பில்ட் சக்ஸஸ்ஃபுல்'. நாலே விநாடி. பரவாயில்லையே, வேகமாக இருக்கிறதே என்று டீ குடிக்கப் போனேன்.

அன்று ஏப்ரல் 17. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி மூன்றாம் நாள். ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீனை வைத்து அத்தனை ரகத்தையும் திரும்ப எடுக்க முடியாது. ஃபோனில் இடமில்லையென்று அங்கிருந்த படங்களை அழித்தது என் தப்பு, அதை மறைக்கவில்லை.

விற்றவரைக் கூப்பிட்டேன். "ஃபோல்டர் பேர்ல ஸ்பேஸ் விடலாமா ப்ரோ? என் மெஷின்ல சரியா ஓடுதே" என்றார். பணத்தைக் கேட்டதும் பதில் நின்றது.

பிறகுதான் பிளகினின் கோடைத் திறந்து படித்தேன். வாங்குமுன் செய்திருக்க வேண்டியது. படம் சுருக்கும் டூலைப் பாதுகாப்பில்லாத ஹெச்டிடிபி வழியாக இறக்கி, ஃபைலை யாரும் மாற்றவில்லை என்று சரிபார்க்க உதவும் செக்சம் எதுவும் பார்க்காமல் ஓட்டுகிறது. ஆப் என்னுடையதுதான் என்று முத்திரையிடும் கையெழுத்துக் கடவுச்சொல் உட்பட எல்லா என்விரான்மென்ட் மாறிகளையும் (நிரல்கள் ஓடும்போது எடுத்துக்கொள்ள கணினியில் வைத்திருக்கும் மதிப்புகள்) அந்த டூலின் கையில் அப்படியே கொடுக்கிறது. 2021இல், கோடில் எவ்வளவு சோதிக்கப்பட்டது என்று அளந்து காட்டும் கோட்கவ் நிறுவனத்தின் பதிவேற்ற ஸ்கிரிப்டை யாரோ மாற்றி வைத்து, அதன் வாடிக்கையாளர்களின் இதே மாதிரி மாறிகளைத்தான் ஜனவரி 31 முதல் இரண்டு மாதம் உருவினார்கள். ஏப்ரல் 1 அன்று ஒரு வாடிக்கையாளர் செக்சம் ஒத்துப்போகவில்லை என்று சொன்ன பிறகே அது வெளியே வந்தது.

இப்போது அந்த வேலையை நானே எழுதிவிட்டேன், அறுபது வரிகூட இல்லை. ஷெல்லே கிடையாது; டூலின் முழுப் பாதை, அதற்கான வாதங்கள் (டூலுக்குக் கொடுக்கும் விவரங்கள்) ஒவ்வொன்றும் பட்டியலில் தனித்தனியாகப் போகின்றன. பாதையில் இடைவெளி, அரைப்புள்ளி எது வந்தாலும் அது வெறும் பெயர்தான். அழிப்பதை ஆர்எம்மிடம் விடாமல் கிரேடிலின் சொந்த டெலீட் டாஸ்க் செய்கிறது, அதுவும் பில்ட் ஃபோல்டருக்குள் மட்டும். டூலின் ஷா-256 செக்சம் பொருந்தாவிட்டால் பில்ட் நிற்கும். இரண்டு நிமிடத்தில் முடியாவிட்டாலும் நிற்கும்.

அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது. விளக்கத்தில் ஒரே ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'ஃபோல்டர் பெயரில் இடைவெளி வேண்டாம்.'